எண்ணெய் கழுவிய மாஸ்தம்மா

14

குலதெய்வம் மாஸ்தம்மாவுக்கு முதலில் சொல்லாமல் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணின் கையிலும் கல்யாண வளையல் ஏறாது. முதல் ஜோடி பச்சை வளையல் அவளுடைய கல்லுக்கு. கல்லுக்குச் சாத்திய அதே கைதான், அதே இடத்தில் வைத்து, மணப்பெண்ணுக்கும் போட வேண்டும். ஏறின வளையல் தாரை வார்த்து முடியும்வரை இறங்கக் கூடாது.

அந்தக் கை யாருடையது என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். என் கணவரின் அண்ணன் ஹுச்சப்பா, நான் பாவா என்று கூப்பிடுகிறவர், திங்கட்கிழமை காலை வந்தார். வைத்த காப்பியைத் தொடவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

"லலிதா போடுவா. நீயும் வண்டியில வரலாம், வேண்டாம்னு சொல்லல. வாசலோட நின்னுக்கோ."

லலிதக்கா அவர் மனைவி. கல்யாணப் பெண் மமதா எனக்கு ஒரே மகள். அவளுடைய தலையை இருபத்து மூன்று வருஷம் வாரிவிட்ட கை இது. என் கணவர் ஹாலேசப்பா மாஸ்டர் இறந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் இந்தக் கைக்கு ஏதோ ஆகிவிட்டதாம்.

வியாழக்கிழமை மியூசியத்துக்குப் போனோம்.

புருஷனோடு தீயில் இறங்கியவள் என்று நாங்கள் கும்பிடும் மாஸ்தம்மா மியூசியத்தில் இருக்கிறாள். எட்டு வருஷம் முன்பு வரை சொரபா பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கரையில் மற்ற மூன்று கற்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவற்றில் ஒன்றை யாரோ பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது, மிச்சம் மூன்றாவது பத்திரமாக இருக்கட்டும் என்று என் கணவர்தான் ஊரைக் கூட்டிக் கையெழுத்து வாங்கி மியூசியத்துக்குக் கொடுத்தார். பாவா அன்றைக்கு ஆரம்பித்ததை இன்னும் நிறுத்தவில்லை.

வண்டி பேட்டையைத் தாண்டியதும் மறுபடியும் ஆரம்பித்தார்.

"சாமியை ஆபீஸ்காரங்க கையில தூக்கிக் குடுத்தான். ஆறு வருஷம். ஆறே வருஷத்துல போய்ச் சேர்ந்தான்."

"தொட்டப்பா, அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு இருந்துச்சு" என்றாள் மமதா. பெரியப்பாவைத் தொட்டப்பா என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவது.

"கொதிப்பு எதனால வந்துச்சுன்னு கேளு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கணவர் இறந்த பத்தாம் நாள், என் வளையல்களை உடைக்க என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார்கள். கல் அங்கே இல்லை. கல் நின்ற குழி மட்டும் இருந்தது. அந்தக் குழியின் ஓரத்தில் என் மணிக்கட்டை வைத்து உடைத்தார்கள். அப்போதுகூட பாவா இதையேதான் சொன்னார். "கல் இருந்திருந்தா இந்த நாள் வந்திருக்காது."

மியூசியத்துக்கு விண்ணப்பம் எழுதியது நான். மாஸ்டர் மாதிரியே விளிம்பு விட்டு, ஒரு அடித்தல் இல்லாமல் எழுதினேன். பதில் வந்தது. பூ வைக்கலாம், வளையல் சாத்தலாம், மடி நிரப்ப அரிசி வைக்கலாம். எண்ணெய், குங்குமம், கற்பூரம் கூடாது. தேங்காய் உடைக்கக் கூடாது. பத்து மணி முதல் பதினொன்று வரை.

டிக்கெட் ஜன்னலில் காக்கிச் சேலை கட்டிய பெண் இருந்தாள். சேலை மடிப்பில் நஸீமா என்று பெயர் வில்லை.

"நாலு பேரா அண்ணா?"

"மூணு" என்றார் பாவா. "இவங்க உள்ள வரல."

நஸீமா என்னைப் பார்த்தாள். மேசையில் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்ட தேவீரம்மா யாரு?"

"நான்தான்."

"அப்ப அனுமதி உங்க பேர்லதான் இருக்கு."

"இருக்கட்டும்மா. எங்க வீட்டு முறை ஒண்ணு இருக்கு" என்று பாவா சீட்டைக் கிழித்து வாங்கிக்கொண்டார்.

நஸீமா என்னிடம் மட்டும் சொன்னாள். "கல் முற்றத்துக்கு வெளிய ஒரு பெஞ்ச் இருக்குக்கா. அங்க உக்கார சீட்டு வேண்டாம்."

அது பழைய பாளையக்காரர் அரண்மனை. கற்களை எல்லாம் பின்கட்டு முற்றத்தில் சிமெண்டுத் திண்டுகள் போட்டு நிறுத்தியிருந்தார்கள். நடைக்கும் முற்றத்துக்கும் நடுவே முழங்கால் உயர வாசற்படி. நான் இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர்கள் மூவரும் அதைத் தாண்டிப் போனார்கள். மமதா மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

போன வேகத்திலேயே பாவா நின்றுவிட்டார்.

முற்றத்தில் பதினொரு கற்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எல்லாவற்றிலும் கட்டம் கட்டமாகச் செதுக்கல், வாள், குதிரை, மாடு, மனிதர்கள். ஒன்றில்கூட ஒரு பொட்டுக் குங்குமம் இல்லை.

"எது?" என்றார் பாவா.

"கறுப்பா இருப்பாளே" என்றாள் லலிதக்கா. "வெள்ளிக் கண்ணு வச்சு, பச்சைச் சேலை கட்டி..."

"எல்லாத்தையும் சுத்தம் பண்ணியாச்சுங்க" என்றாள் பின்னாலேயே வந்த நஸீமா. "நான்தான் கழுவினேன். சில கல்லுல எண்ணெய் ஒரு விரல் கனத்துக்கு இருந்துச்சு. புளியம்பட்டை மாதிரி."

"கழுவினியா? எங்கம்மாவையா?"

"பல் தேய்க்கிற பிரஷ்ல அண்ணா. நோகாமத்தான் கழுவினேன்."

மமதா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாவா நஸீமாவை நெருங்கினார்.

"மூணு கல்லு எங்க ஊரு. அது எது எதுன்னு சொல்லு."

"இங்க ஊர் பார்த்து நிறுத்தல. காலம் பார்த்து நிறுத்தியிருக்கு. ஆபீஸர் மேடம் இன்னிக்கு லீவு. பேரேடு அவங்க அலமாரியில இருக்கு."

அவர் கற்களின் வரிசையில் நடக்க ஆரம்பித்தார். சந்தையில் மாடு பார்ப்பதுபோல ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நொடி. நாலாவது கல்லின் முன் கால் ஊன்றி நின்றார். அந்தக் கல்லில் ஒரு தூண், தூணிலிருந்து நீட்டிய ஒற்றைக் கை. முழங்கை வரை வளையல். விரல்களுக்கு நடுவே எலுமிச்சம்பழம். தீயில் இறங்கியவளுக்கு அப்படித்தான் செதுக்குவார்கள்.

"இதோ! இதோ இருக்கா! கையைப் பாரு லலிதா, வளையலைப் பாரு!"

தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டினார். மண்டியிட்டார். அறுபத்தேழு வயது மனிதர், தம்பி செத்தபோது அழாதவர், தேம்பித் தேம்பி அழுதார்.

"புருஷனோட போனவ. ஒரு நாள்கூட அவன் இல்லாம இருக்காதவ. அவ வம்சம்டீ நாம!"

இதைச் சொல்லும்போது அவர் வாசற்படிப் பக்கம் பார்த்தார். நான் கேட்க வேண்டும் என்றே சொன்னார். கேட்டது.

பெஞ்சின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அது எங்கள் கல் இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மாஸ்தம்மாவுக்குப் பூசை செய்வது பெரியவர்கள். செவ்வாய்க்கிழமை விடிகாலையில் அவளுக்கு விளக்கெண்ணெய் தேய்ப்பது சின்ன மருமகள். நான் வந்த வருஷமே லலிதக்கா, "எனக்கு முதுகு குனியாது தேவீ, நீயே தேய்ச்சிரு" என்றுவிட்டாள். பத்தொன்பது வருஷம் நான் தேய்த்தேன். சேலையை அவிழ்த்து, தேய்த்து, மறுபடி கட்டிவிட்டு வருவேன். அதற்குப் பிறகுதான் பாவா குளித்துவிட்டு வந்து, சேலை கட்டிய கல்லின் வெள்ளிக் கண்ணைப் பார்த்துக் கும்பிடுவார்.

மேலே எண்ணெய் எவ்வளவு கனம் ஏறினாலும், சேலைக்கு அடியில் செதுக்கல் விரலுக்குத் தட்டுப்படும். எங்கள் கல்லில் நீட்டிய கை கிடையாது. கீழ்க் கட்டத்தில் ஒரு பெண். அவள் இடுப்பில் ஒரு சின்ன உருண்டை, அதன் மேல் இன்னொரு சின்ன உருண்டை. ஒரு குழந்தை. நான் மமதாவைச் சுமந்த மாதங்களில் அந்த இடத்தைக் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்திருக்கிறேன்.

முற்றத்தில் லலிதக்கா வளையலைக் கையில் எடுத்துவிட்டாள்.

இருக்கட்டும் என்று நினைத்தேன். பொய்யாக எழுத மாட்டேன், அப்படித்தான் நினைத்தேன். யாரோ ஒருத்தியின் கல்லுக்கு வளையல் போட்டு, யாரோ ஒருத்தியின் வம்சம் என்று அழுதுவிட்டுப் போகட்டும். வாசலோடு நில் என்றார்கள் அல்லவா, நிற்கிறேன். வாசலோடு நிற்பவளுக்கு உள்ளே நடப்பதைப் பற்றி என்ன பேச்சு? அவர் முட்டாளாவதைக் கடைசிவரை பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அப்போது மமதா கூப்பிட்டாள்.

"அம்மா! இதுதானா?"

"உங்கம்மாவை ஏன் கேக்கறே?" என்றார் பாவா.

"எண்ணெய் தேய்ச்சது அம்மாதானே?"

அவள் மணிக்கட்டு தட்டுக்கு மேலே வெறுமையாக நீண்டிருந்தது. அந்தக் கையில் தவறான வளையலை ஏற்ற என்னால் முடியவில்லை.

"இல்ல" என்றேன். "அது நம்ம கல் இல்ல."

பாவா மெதுவாக எழுந்தார். முழங்காலில் சிமெண்டுத் தூசு.

"பொறாமை" என்றார். "தன் கையில வளையல் இல்லைன்னு பொறாமை. பொண்ணு கல்யாணத்துல இப்படிக் குட்டையைக் குழப்பறவளை நான் பார்த்ததே இல்ல."

"குழப்பணும்னா வாயை மூடிட்டு இருந்திருப்பேன் பாவா."

"அப்ப எது நம்ம கல்லு? அங்க இருந்தே சொல்லு."

"இங்க இருந்து தெரியாது. நான் அவளைக் கண்ணால பார்த்தது கம்மி. கையாலதான் தெரியும்."

"கையாலயா?" குரல் உடைந்து கத்தினார். "தொடக் கூடாதுன்னுதானே உன்னை அங்க நிறுத்தியிருக்கு!"

"அப்ப நீங்களே தேய்ச்சுப் பார்த்துக் கண்டுபிடிங்க. பத்தொன்பது வருஷத்துல ஒரு செவ்வாய்க்கிழமை எழுந்து வந்திருந்தா உங்க கைக்கும் தெரிஞ்சிருக்கும்."

இப்படி அவரிடம் நான் பேசியதே இல்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. நஸீமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்து இருபத்தஞ்சு. பதினொண்ணுக்கு ஸ்கூல் பசங்க வருவாங்க. நூத்தி நாப்பது பேர்."

நான் எழுந்தேன். வாசற்படியைத் தாண்டினேன். பாவா குறுக்கே வந்தார்.

"தேவீரா, நில்லு."

"நகருங்க பாவா."

"அம்மா சாபம் உன்னைச் சும்மா விடாது."

"எனக்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கு, எடுத்துக்க?"

அவர் நகர்ந்தார். பயந்து நகரவில்லை; என் சேலை தன் மேல் பட்டுவிடக் கூடாது என்று நகர்ந்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது.

முதல் கல்லின் பின்னால் போனேன். எண்ணெய் தேய்க்கும்போது இடது கையால் பின்பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சேற்றில் வழுக்கும். பின்பக்கம் ஒரு குழி உண்டு. என் கட்டைவிரல் போய் உட்காரும். முதல் கல்லில் இல்லை. இரண்டாவது சொரசொரவென்று இருந்தது. மூன்றாவதிலும் இல்லை. ஐந்து, ஆறு. கல் குளிர்ந்து கிடந்தது. விளக்கெண்ணெய் வாசனை எதிலும் இல்லை.

ஏழாவதில் என் கட்டைவிரல் தானாகவே உள்ளே போனது.

வலது கையை முன்பக்கம் கொண்டுபோனேன். கீழ்க் கட்டம். பெண். இடுப்பு. சின்ன உருண்டை, அதன் மேல் இன்னொன்று. முன்னால் வந்து பார்த்தேன். அவளை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். நேராக நிற்கிறாள். இடுப்பில் குழந்தை. ஒரு கை குழந்தையைச் சுற்றி, ஒரு கை இரண்டு மாடுகளின் கயிற்றில்.

"இதுதான்" என்றேன்.

"கல்லை மாத்திட்டாங்க!" என்றார் பாவா. "இதுல கை எங்க? தூண் எங்க? வெறும் மாடு மேய்க்கிறவ!"

"கண்ணு கொண்டு வந்திருக்கீங்க இல்ல? எடுங்க."

வெள்ளிக் கண்களை மியூசியத்தார் கழற்றி ரசீதோடு திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைச் சட்டைப்பையில் துணியில் முடிந்து வைத்திருந்தார். எடுக்கவில்லை. மமதாதான் கையை நீட்டி வாங்கினாள். நஸீமா, "ஒட்டக் கூடாது. வச்சுப் பார்க்கலாம்" என்றாள்.

நடுக் கட்டத்தில், உற்றுப் பார்த்தால், அரக்கு ஊறிய இரண்டு மங்கலான வட்டங்கள் இருந்தன. மமதா வெள்ளிக் கண்ணை ஒன்றின் மேல் வைத்தாள். விளிம்புக்கு விளிம்பு பொருந்தியது. இரண்டாவதும் பொருந்தியது.

இடது கண் ஒரு பசுவின் வயிற்றில் இருந்தது. வலது கண் ஒரு போர்வீரனின் கேடயத்தில். வாழ்நாள் முழுவதும் பாவா கண்ணோடு கண் பார்த்துக் கும்பிட்டது ஒரு பசுவின் வயிற்றை.

நான் சிரிக்கவில்லை. சிரிக்கலாம் போலத்தான் இருந்தது.

"பலகையில என்ன எழுதியிருக்கு?" என்று லலிதக்கா கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

நஸீமா படித்தாள். "ஏழாம் நம்பர். மாடு பிடிச்சுட்டுப் போனவங்ககிட்ட இருந்து மீட்கப் போய் பொம்மய்யன் செத்தான். அவன் பொண்டாட்டி சந்தவ்வெ இந்தக் கல்லை நட்டா. அவளுக்கும் பிள்ளைக்கும் ஏரிக்குக் கீழ வயல் விட்டாங்க. அவ்வளவுதான் எழுதியிருக்கு."

"அப்ப அவ தீயில...?"

"இறங்கலைக்கா. இறங்கினவ எப்படிக் கல் நடுவா?"

லலிதக்கா தட்டிலிருந்த அரிசியைப் பார்த்தாள். "நம்ம வயலும் ஏரிக்குக் கீழதானே இருக்கு" என்று முனகினாள்.

பாவா இரண்டடி பின்னால் போனார்.

"இவ எங்கம்மா இல்ல."

"கண்ணு பொருந்துச்சே தொட்டப்பா."

"பொருந்தட்டும்! புருஷன் செத்தப்புறம் நின்னு, கல் நட்டு, வயல் வாங்கிச் சாப்பிட்டவளை நான் கும்பிட மாட்டேன். லலிதா, தட்டை எடுத்துட்டு நாலாவது கல்லுக்கு வா. எனக்கு அவதான் அம்மா."

இரண்டு வருஷமாக நான் விழுங்கியதெல்லாம் அந்த இடத்தில் மேலே வந்தது.

"அந்தப் புள்ளையைப் பாருங்க பாவா. அவ இடுப்புல இருக்கே, அந்தப் புள்ளையை. அவ தீயில இறங்கியிருந்தா அது என்ன ஆகியிருக்கும்? நீங்க எங்க இருந்து வந்திருப்பீங்க? அவ பொழைச்சதாலதான் இங்க நின்னு அவளைத் திட்டறீங்க. செத்தவளுக்குச் சேலை, பூ, வெள்ளிக் கண்ணு. பொழைச்சிருக்கறவளுக்கு வாசல் பெஞ்ச். இதுதானே உங்க முறை? என் வளையலை வெறும் குழியில வச்சு உடைச்சீங்களே, அன்னிக்கு அவ அங்க இருந்திருந்தா உங்க கையைத் தட்டி விட்டிருப்பா!"

நஸீமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மமதா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் கல்லின் மேல் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"லலிதா!" என்றார் பாவா. "வா இங்க!"

லலிதக்கா தட்டோடு கிளம்பினாள். நாலாவது கல்லுக்கும் ஏழாவது கல்லுக்கும் நடுவில் நின்றாள். அவள் கையில் எட்டுப் பச்சை வளையல், நெற்றியில் காசு அகலக் குங்குமம். நாற்பது வருஷத்தில் அவர் சொல்லை அவள் மீறி நான் பார்த்ததில்லை.

மமதா ஏழாவது கல்லின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கட்டையும் நீட்டினாள். யாரையும் பார்க்கவில்லை.

லலிதக்கா இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"எனக்கு முதுகு குனியாது தேவீ" என்றாள். "நீயே போட்டுரு."

தட்டை என் காலடியில் வைத்தாள். வைக்கும்போது நன்றாகவே குனிந்தாள்.

சந்தவ்வெக்கு வளையல் சாத்த அவளுக்கு நீட்டிய கை இல்லை. கயிறு பிடித்த கைக்கு முன்னால் இரண்டை வைத்தேன். அரிசியும் பூவும் வைத்தேன். மீதி வளையல்களை என் மகளின் கையில் ஏற்றினேன். எலும்பு மூட்டில் சிக்கிய இடத்தில், சின்ன வயதில் சட்டை மாட்டிவிடும்போது செய்வதுபோல, அவள் விரல்களைக் குவித்துப் பிடித்தேன். ஒன்றுகூட உடையவில்லை.

பாவா வாசற்படியைத் தாண்டிப் போய்விட்டார். நடையில் அவர் குரல் கேட்டது. சாகராவில் இருக்கும் சம்பந்தியோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா, விதவை கையால. சொன்னா கேக்கல... இல்ல, தாரை வார்க்க நான் வரமாட்டேன். நீங்க என்ன முடிவு பண்றீங்களோ பண்ணுங்க..."

பிறகு ம், ம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

மமதா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவள் வலது கை தன்னை அறியாமல் இடது கை வளையல்களைத் தள்ளிப் பார்த்தது. அவை கை மூட்டு எலும்பைத் தாண்டி இறங்கவில்லை.